ஆறாத ரணமும் அற்றுப்போகும் கூலியும்

சஸ்திர சிகிச்சை ஜயமாய் முடிந்தது என்று சொல்லும்போது நாம் எதைக் கருதுகிறோம்? நோயாளி மேஜையினின்றும் உயிருடன் இறங்கினான், கெட்டுப்போன பாகம் நீக்கப்பட்டது, தையல் போட்டாயிற்று, உற்றார் டாக்டரைக் கைகூப்பித் தொழுதனர். இவ்வளவே நம் மனத்தில் நிற்கிறது. அதற்கப்பால் நடப்பதைப் பற்றி ஊரில் பேச்சில்லை, பத்திரிகைகளிலும் எழுத்தில்லை. தையல் பிரித்த பின்னும் வாய் மூடாமல், நாள்தோறும் நீர் கசிந்து, கட்டுத்துணியை நனைத்து, வாரங்கள் மாதங்களாகியும் ஆறாது நிற்கும் ரணத்தை யார் கணக்கில் வைக்கிறார்கள்? அதை உடையவனும் அவன் மனைவியுமே அறிவார்கள். அவன் வேலை செய்யும் யந்திரசாலையின் மேஸ்திரியும் அறிவான். ஆனால் அவன் அறிவது ரணத்தையன்று, வராத நாட்களை மட்டுமே.

இதைச் சிந்திப்பதற்குத் தண்டலத்தைவிடத் தக்க இடம் தமிழ்நாட்டில் அரிது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், ஸ்ரீபெரும்புதூருக்கு இப்பால் உள்ள இவ்வூரில் சவீதா மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் நிற்கின்றன. அருகிலேயே இருங்காட்டுக்கோட்டை, அங்கே 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கம்பெனி மோட்டார் வண்டிகள் செய்துவருகிறது. தெற்கே ஒரகடம் வரையில் வண்டிகளும், டயர்களும், கண்ணாடியும், கைப்பேசிகளும் உண்டாக்கும் சாலைகள் வரிசை வரிசையாய் எழுந்துள்ளன. இரவு பகலாய் லாரிகள் ஓடும் ராஜபாட்டை, பல்லாயிரம் கைகள் யந்திரங்களோடு பழகும் தொழிற்பேட்டை, கத்தியெடுத்துப் பிழைப்பிக்கும் ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. ஆகவே காயம் என்பது இங்கே அபூர்வமான செய்தியன்று, அன்றாடச் சங்கதி.

முதலில், ரணம் ஆறுவது எப்படி என்பதை நம் நேயர்கள் தெளிவாய் அறிந்துகொள்ள வேண்டும். தோலை வெட்டிய கணத்திலேயே தேகம் அதை மூடத் தொடங்குகிறது. இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. பின் சில நாட்கள் காயத்தின் விளிம்பு சற்றே சிவந்து, வீங்கி, சூடேறும். இது கெடுதியன்று, வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த சதையையும் அப்புறப்படுத்தும் வேலையின் அடையாளமாகும். நான்கு ஐந்தாம் நாளிலிருந்து சில வாரங்கள் வரையில் புதுச் சதையும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடியிலிருந்து முளைக்கின்றன. விளிம்புகளிலிருந்து தோல் உள்நோக்கிப் படர்கிறது. அதன் பின் ஓராண்டு வரையிலுங்கூட உள்ளே நார்கள் அவிழ்க்கப்பட்டு மறுபடி கட்டப்படுகின்றன. மூன்று வாரத்துத் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உண்டு; மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரும்; முழுப்பலம் ஒருநாளும் திரும்புவதில்லை. வெளித்தோல் மூடியதைக் கண்டு பத்தாம் நாளே பாரம் தூக்கச் செல்கிறவன் எத்தகைய நூலில் தன் வயிற்றைத் தொங்கவிடுகிறான் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்தக் கிரமம் ஏன் தடைப்படுகிறது? காரணங்கள் சில தேகத்துக்குள்ளே இருக்கின்றன. அவற்றுள் தலையாயது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, நுண்குழாய்கள் கெடுகின்றன, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, நம் தேசத்தில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேர் அவ்வியாதி உடையவர் என்றும் கணித்தது. அதாவது நம் ஆஸ்பத்திரிகளில் கத்திக்கு உட்படும் எழுவரில் ஒருவராவது மெதுவாய் ஆறும் தேகத்தோடு வருகிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் தமக்கு அவ்வியாதி இருப்பதையே அறியார். ஆறாத ரணமே அதை முதன்முதல் அறிவிக்கும் தூதனாய் வருவதுமுண்டு. இரத்தச் சோகையும், மாமிசச் சத்தின் குறைவும், குழாய்களைச் சுருக்கும் பீடியும் சிகரெட்டும், நீண்ட நாள் உண்ட சில மருந்துகளும் அவ்வாறே ஆறுதலைத் தாமதப்படுத்துவன.

வேறு சில காரணங்கள் வெளியிலிருந்து புகுவன. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஸெம்மல்வைஸ் என்ற வைத்தியர், கையைக் கழுவிய பின்னரே பிரசவத்துக்குச் செல்ல வேண்டும் என்று விதித்துப் பல தாய்மாரைக் காத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த சம்மானம் ஏளனமே. 1867ஆம் ஆண்டில் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுத்துக் காயங்களைச் சீழின்றி ஆற்றும் முறையை வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் போர் முடியவில்லை. பணம் குறைந்த தேசங்களிலும் நடுத்தர தேசங்களிலும் சஸ்திர சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு 11 பேருக்குக் காயத்தில் கிருமி பற்றுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016ஆம் ஆண்டில் எடுத்துரைத்து, 29 விதிகளை வகுத்தது. அவற்றுள் பல பெரிய செலவைக் கோருவன அல்ல. சிகிச்சைக்கு முன் நோயாளி குளிக்க வேண்டும். சவரக் கத்தியால் மயிரைச் சிரைக்கலாகாது. கிருமிநாசினி மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பின் தற்காப்புக்கென்று அதை நீட்டிக்கொண்டே போகலாகாது. இவற்றுக்கு வேண்டியது ஒழுங்கே.

துவாரத்தின் வழியே குழாய் செலுத்திச் செய்யும் நவீன சிகிச்சையிலும் ஓர் அபாயம் உண்டு. கருவிகளைச் சரிவர சுத்தி செய்யாமல் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினால், காசநோய்க் கிருமியின் பங்காளிகளான சில கிருமிகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். முதலில் காயம் நன்றாய் ஆறியதுபோல் தோன்றும். சில வாரங்கள் சென்றபின் அதே துவாரத்தில் கட்டி எழும்பும், கசியும், மூடும், மறுபடி உடையும். வழக்கமான மருந்துகள் அதைத் தொடுவதில்லை. கசிவையும் சதையையும் எடுத்துத் தக்க பரிசோதனைக்கு அனுப்பினாலன்றி உண்மை வெளிப்படாது. எனவே ஒரு மாதம் கடந்தும் ஆறாத ரணத்துக்கு மேலும் மேலும் மாத்திரை எழுதுவது சிகிச்சையாகாது. உள்ளே நூல் முடிச்சு தங்கியிருக்கிறதா, காசம் இருக்கிறதா, நெடுநாட்பட்ட புண்ணாயின் புற்று மறைந்திருக்கிறதா என்று தேடுவதே சிகிச்சை. ரணத்தை மட்டும் பார்ப்பது பாதி வைத்தியம்; ரணத்தையுடைய மனிதனைப் பார்ப்பதே முழு வைத்தியம்.

இனி, நம் வீடுகளில் நாமே செய்துகொள்ளும் தீங்கொன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சத்தியமாகாது. காயம் பட்டவனுக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு சீழ் வைக்கும், கத்தரிக்காய் கரப்பான் என்று ஒவ்வொன்றாய் விலக்கிக் கடைசியில் இரசஞ்சாதமும் ரொட்டியுமே மிச்சமாகின்றன. புதுச் சதை எதனால் உண்டாகும்? பருப்பிலும், முட்டையிலும், மீனிலும், பாலிலும் உள்ள சத்தினாலன்றோ? சுவர் எழுப்பும் காலத்தில் செங்கல்லை நிறுத்திவிட்டுக் கொத்தனைக் கடிந்துகொள்வதுபோல் இருக்கிறது நம் பத்தியம். இதைத் தவிர, காப்பிப் பொடி அப்புவோரும், சுண்ணாம்பு தடவுவோரும், சாம்பல் இடுவோரும் இன்னும் இருக்கின்றனர். நாள்தோறும் காரமான கிருமிநாசினித் திராவகங்களை ரணத்தில் ஊற்றி அது பொங்குவதைக் கண்டு திருப்தியடைவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. அது கிருமியைக் கொல்லும்போது முளைக்கும் புதுச் சதையையும் சேர்த்தே கொல்லும்.

நமது முன்னோர் இவ்விஷயத்தில் அறியாமையில் இருந்தனர் என்று எவரும் எண்ண வேண்டாம். சுசுருதர் ரணத்துக்கு அறுபது வகை உபசாரங்களை வரிசைப்படுத்திச் சென்றார். கழுவுதல், கீறுதல், கட்டுதல், சோதித்தல், ஆகாரம் ஆகிய எல்லாம் அவற்றுள் அடங்கும். மஞ்சளின் கதையோ நமது வாசகர்கள் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார், மஞ்சள் தூளைக் கொண்டு ரணம் ஆற்றும் முறைக்கு மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு தனியுரிமைப் பத்திரம் வழங்கியது. நம் பாட்டிமார் கைப்பொடிக்கு அந்நியர் பட்டா எழுதிக்கொண்டனர்! இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடிற்று. பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் சாட்சியமாய் வைத்தது. 1997ஆம் ஆண்டில் அப்பத்திரம் ரத்தாயிற்று. சட்டத்தை ஆயுதமாய்க் கொண்டு தேசத்தின் பொதுச்சொத்தை மீட்ட அவ்வெற்றியை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயினும் அவ்வழக்கின் பொருளை மிகைப்படுத்தலாகாது. மஞ்சளால் ரணம் ஆற்றும் யோசனை புதிதன்று என்பதே அங்கு நிலைநாட்டப்பட்டது. எல்லா ரணமும் மஞ்சளால் ஆறும் என்று அங்கு எவரும் தீர்ப்பளிக்கவில்லை. வாஷிங்டனில் மஞ்சளுக்காக வாதாடிய தேசம், தண்டலத்தில் ஆறாத வயிற்றோடு வேலைக்குத் திரும்பும் கூலிக்காரனுக்காகவும் வாதாட வேண்டாமா? முன்னோர் பெருமையைக் காப்பது எளிது. அதற்கு ஒரு வழக்கு போதும். இருப்போரின் ரணத்தைக் காப்பதற்கோ நாள்தோறும் உழைக்க வேண்டும்.

தற்கால வைத்தியம் கண்ட உண்மைகளைப் பார்ப்போம். ரணம் காற்றுப்பட்டுக் காய்ந்து பொருக்குக் கட்டினால்தான் ஆறும் என்பது வெகுகாலம் வழங்கிய கொள்கை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதனை செய்து, ஈரம் காத்து மூடிய ரணத்தில் தோல் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் படர்வதைக் காட்டினார். அதுமுதல் கொள்கை மாறிற்று. செத்த சதையை வெட்டி நீக்குதல், உப்புநீரால் கழுவுதல், அதிகக் கசிவை உறிஞ்சி அளவான ஈரத்தை நிறுத்துதல், இரத்தவோட்டம் உண்டா என்று சோதித்தல் ஆகியவையே இன்றைய சிகிச்சையின் அஸ்திவாரம்.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்னும் இருவர், ரணத்தைப் பஞ்சுறையால் மூடிக் காற்றை உறிஞ்சும் யந்திர முறையைப் பிரசித்தப்படுத்தினர். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று அது வெகுவாய் வழங்குகிறது. ஆனால் யந்திரம் என்றவுடன் மயங்கிவிடலாகாது. ஆங்கில நாட்டில் சுமார் 700 நோயாளிகளைக் கொண்டு, தையலிட்டு மூடாமல் தானே அடியிலிருந்து நிரம்ப விடப்பட்ட சஸ்திரக் காயங்களில் இம்முறையைச் சோதித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவு உடையவர். ரணமும் பெரும்பாலும் காலிலும் பாதத்திலுமே. 2025ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வந்த முடிவு, சாதாரணக் கட்டைவிட உறிஞ்சும் யந்திரம் விரைவில் ஆற்றியதற்குத் தெளிவான சான்று இல்லை என்பதே. இரு பிரிவினரிலும் பாதிப்பேருக்கு ரணம் மூட ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நோயாளியின் வீட்டார் நகையை அடகு வைத்து யந்திரத்துக்குப் பணம் கட்டுமுன், 'இந்த ரணத்துக்கு இது அவசியந்தானா?' என்று டாக்டரைக் கேட்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு.

யந்திரத்தினும் பெரியதொரு பாடத்தை நமது நாட்டிலேயே கற்பித்தார் ஒருவர். 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பாதிரிக் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்டு என்ற டாக்டர், 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தண்டலத்திலிருந்து அதே பெருவழியில் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் வேலூர். தொழுநோயாளரின் பாதத்தில் ரணங்கள் ஆறாமல் விரல்கள் தேய்வதற்கு அவர்களுடைய 'கெட்ட சதையே' காரணம் என்று அக்காலத்தில் யாவரும் நம்பினர். அவர் ஊன்றிப் பார்த்தார். சதை நல்ல சதையே. வலி தெரியாமையே குற்றம். வலியறிந்தவன் புண்பட்ட காலை ஊன்றமாட்டான். வலியறியாதவன் அதே காலால் நடந்து நடந்து புண்ணை அரைக்கிறான். பிளாஸ்டர் கட்டுப் போட்டுப் பாரத்தை விலக்கினால் ரணம் மற்றவர்க்குப் போலவே ஆறிற்று. அத்தகைய கட்டு 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் கையாளப்பட்டதே. வேலூரிலும் கரிகிரியிலும் பெற்ற இவ்வறிவைப் பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். இன்று உலகெங்கும் நீரிழிவுக்காரரின் பாதத்துக்கு அக்கட்டே தலைசிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாய் விளங்குகிறது.

பால் பிராண்டின் பாடத்தை ஒரே சொல்லில் அடக்கலாம்: ஓய்வு. புண்பட்ட அவயவத்துக்கு ஓய்வு கொடுத்தால் தேகம் தன் வேலையைச் செய்யும். இங்கேதான் வைத்தியம் முடிந்து அரசியல் ஆரம்பமாகிறது. ஓய்வு என்பது மருந்துக்கடையில் கிடைக்கும் சரக்கன்று. அதற்கு விலை கூலி. தொழுநோயாளன் வலி தெரியாமல் நடந்தான். நமது ஒப்பந்தத் தொழிலாளியோ வலி தெரிந்தே நடக்கிறான். இவ்விருவரில் யாருடைய நிலை அதிகப் பரிதாபமானது?

சட்டம் என்ன தருகிறது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இரண்டு பாதைகள் உண்டு. யந்திரத்தால் நேர்ந்த காயமாயின், வேலைக்குத் தகுதியற்றிருக்கும் காலம் முழுவதும் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். குடலிறக்கம், குடல்வால், பித்தப்பை முதலிய சொந்த வியாதிக்குச் செய்த சிகிச்சையாயின், நூற்றுக்கு 70 பங்கு. அதுவும் ஆண்டுக்கு 91 நாட்களே. அதற்கும் முந்தைய ஆறு மாதக் கெடுவில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நெடுநாள் வியாதிகளுக்கு நூற்றுக்கு 80 பங்கு, இரண்டாண்டு வரையில் நீட்டிக்கும் வேறொரு சலுகை உண்டு. அதற்கு இரண்டாண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வியாதியும் 34 இனங்கள் கொண்ட பட்டியலில் அடங்க வேண்டும். நீரிழிவால் புண்பட்ட பாதம் அப்பட்டியலில் உண்டு. கூடாத எலும்பு உண்டு. ஆறாத சஸ்திரக் காயம் என்ற இனம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரணம் கேட்பது ஆறு மாதம்; சட்டம் கொடுப்பது மூன்று மாதம். மிச்சமுள்ள மூன்று மாதம் யாருடையது? அம்மூன்று மாதத்தில்தான் கடன் பிறக்கிறது, பள்ளிக்கூடச் சம்பளம் நின்றுபோகிறது, கட்டுத்துணியை மறைத்துச் சட்டை போட்டுக்கொண்டு மனிதன் வேலைக்குச் செல்கிறான், தையல் விடுகிறது, குடல் பிதுங்குகிறது, இரண்டாம் முறை மேஜையில் ஏறுகிறான். இதனால் கம்பெனிக்கு இலாபமா? காப்புறுதி நிதிக்கு இலாபமா? ஒருவருக்கும் இல்லை. வியாதிச் சலுகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையினின்று நீக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு விதித்தது. ஆனால் ஒப்பந்தக்காரன் எவரையும் 'நீக்குவதில்லை'. மறுநாள் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுவிடுகிறான், அவ்வளவே. சட்டப்புத்தகத்தில் அச்செயலுக்குப் பெயர் காண்பது கடினம். வீட்டடுப்பிலோ அதன் பொருள் உடனே தெரிந்துவிடும்.

ஆதலால் நாம் நான்கு காரியங்களைக் கோருகிறோம். முதலாவது, ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு சீட்டுக் கொடுக்கப்பட வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றமுள்ள கசிவு, அதிகரிக்கும் வலி, விரியும் தையல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே திரும்பி வரவேண்டும் என்பதும், என்ன உண்ண வேண்டும் என்பதும், எத்தனை வாரம் பாரம் தூக்கலாகாது என்பதும் அதில் தெளிவாய் இருக்கட்டும். பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து இப்பேட்டையில் உழைக்கும் சகோதரர்களுக்கு அவரவர் பாஷையிலேயே அது அமையட்டும்.

இரண்டாவது, ரணத்துக்குக் கட்டுப் போடும் பயிற்சி பெற்ற நர்ஸ் வீடு தேடி வரவேண்டும். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற ஏற்பாடு இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வரும் வாசலுக்குச் சுத்தமான கட்டும் வருவதில் என்ன தடை?

மூன்றாவது, சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், சஸ்திர சிகிச்சை செய்துகொண்டோரில் 30 நாட்களுக்குள் எத்தனை பேருக்குக் காயம் கெட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெட்டிய கணக்கைப் பெருமையுடன் விளம்பரம் செய்கிறவர்கள் ஆறிய கணக்கையும் சொல்லட்டும்.

நான்காவது, நீடித்த சலுகைப் பட்டியலில் ஆறாத சஸ்திரக் காயத்தையும் சேர்க்க வேண்டும். டாக்டரின் அத்தாட்சி இருக்கும் வரையில் கூலி நிற்கலாகாது.

இவற்றில் எதுவும் சர்க்காருக்கு எட்டாத காரியமன்று. தொழிற்சங்கத் தோழர்கள் போனஸுக்காகவும் சம்பள உயர்வுக்காகவும் எழுதும் கோரிக்கைப் பத்திரத்தில் இந்த நான்கு வரிகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். சட்டசபையில் நம் பிரதிநிதிகளாய் வீற்றிருப்போர் ஒரு கேள்வியேனும் கேட்கட்டும். நம் வாசகர்கள் தத்தம் வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் தட்டில் நாளையே ஒரு முட்டையையோ ஒரு கிண்ணம் பருப்பையோ வைக்கட்டும். அதற்கு எந்தச் சட்டமும் திருத்தப்பட வேண்டியதில்லை. தேகம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள இரவும் பகலும் உழைக்கிறது. அதற்கு வேண்டிய நாட்களைக் கொடுப்பது ஜன சமூகத்தின் கடமை.